பிரித்து ஒட்டிய கடிதங்கள்

1844-ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஓர் இத்தாலியருக்கு வந்த கடிதங்களைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அக்கடிதங்களில் எழுதியிருந்தவற்றைப் பற்றி அன்று. அவை அவர் கைக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி. அதனை ஒட்டி இங்கிலாந்தின் பார்லிமெண்டில் எழுந்த புயலும், அந்தப் புயல் அடக்கப்பட்ட முறையும், ஓர் அரசாங்கம் தன் இரகசியத்திற்கு ஒரு தராசும் குடிமக்களின் அந்தரங்கத்திற்கு வேறொரு தராசும் வைத்துக்கொள்வது எப்படி என்பதை விளங்கக் காட்டும். இப்பொருளைக் கொள்கை அளவில் ஆராயும் நூல்கள் பல உண்டு. எனக்கு அவற்றைக் காட்டிலும் இந்த ஒரு வரலாறே மிகுதியாகக் கற்பித்தது.

அந்த இத்தாலியர் ஜோசப் மாஜினி. இப்பெயர் தமிழருக்குப் புதிதன்று. தம் நாட்டு இளைஞர்களைத் திரட்டி அவர் செய்வித்த சபதத்தைப் பாரதியார் தமிழ்ப் பாட்டாக்கித் தந்திருக்கிறார். 1805-இல் ஜெனோவா நகரில் பிறந்த மாஜினி, 1831-இல் பிரான்சு நாட்டு மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இருந்துகொண்டு 'இளைய இத்தாலி' என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். இத்தாலி அக்காலத்தில் ஒரு நாடாக இல்லை. பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. வடக்கே லம்பார்டியும் வெனிஷியாவும் ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்தன. ஏனைய அரசர்களும் வியன்னாவில் வீற்றிருந்த மந்திரி மெட்டர்னிக்கின் முகக்குறிப்பைப் பார்த்தே ஆண்டு வந்தனர். நாடு ஒன்றாக வேண்டும், அது குடியரசாகவும் வேண்டும் என்று சொன்ன மாஜினிக்கு ஐரோப்பாக் கண்டத்தில் இருக்க இடம் இல்லாமற் போயிற்று. 1837-இன் தொடக்கத்தில் அவர் இலண்டன் வந்து சேர்ந்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக் கிடைத்த சொற்பப் பொருளில் வாழ்ந்தார். தெருத்தெருவாக இசைப்பெட்டியைச் சுழற்றிக் காசு வாங்கி, அதனைத் தம்மை அழைத்துவந்த எசமானர்களிடம் கொடுத்துவிட்டு வாடிக் கிடந்த இத்தாலியச் சிறுவர்கள் அந்நகரில் பலர் இருந்தனர். அவர்களுக்காக 1841-இல் ஓர் இலவசப் பள்ளியையும் தொடங்கினார்.

இங்கிலாந்து அவருக்கு அடைக்கலம் தந்திருந்தது. அந்நாட்டுச் சட்டம் எதையும் அவர் மீறினார் என்று அன்றும் எவரும் குற்றம் சாட்டவில்லை, பின்னரும் சாட்டவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

1840 சனவரி 10-ஆம் நாள் முதல் இங்கிலாந்தில் எத்துணைத் தொலைவுக்கும் ஒரு பென்னிக் கட்டணத்தில் கடிதம் செல்லும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் உலகின் முதல் ஒட்டும் தபால் தலை வெளிவந்தது. அதற்கு முன் கடிதம் என்பது செல்வர்க்கும் வணிகர்க்கும் உரிய பொருளாய் இருந்தது. இப்பொழுது வேலைக்காரப் பெண் தன் தாய்க்கு எழுதினாள். தொழிலாளி தன் தோழனுக்கு எழுதினான். அரசாங்கமே நடத்திய நிறுவனம்தான் தபால். ஆயினும் மக்கள் அதனை அரசாங்கமாக எண்ணவில்லை. அரக்கு வைத்து முத்திரை இட்டுவிட்டால், அக்கடிதம் பெறுவோன் கையில்தான் திறக்கும் என்று நம்பினர்.

மாஜினிக்கு ஐயம் எழுந்தது தபால் முத்திரையினால். இலண்டன் நகருக்குள் செல்லும் கடிதங்களில் நாளோடு பொழுதையும் குறித்து முத்திரை குத்துவது வழக்கம். தமக்கு வந்த கடிதங்களில் ஒரு முத்திரையின் மேல் மற்றொரு முத்திரை அழுத்திக் குத்தப்பட்டிருப்பதை அவர் கண்டார். அடியில் இருந்த முத்திரை முந்திய பொழுதையும் மேலே இருந்தது பிந்திய பொழுதையும் காட்டின. இடையில் கழிந்த நேரத்தை மறைக்க யாரோ முயன்றிருக்கின்றனர். உடனே கூக்குரல் எழுப்பாமல் அவர் சோதனையில் இறங்கினார். நண்பர்களைக் கொண்டு தம் முகவரிக்கே கடிதங்கள் அனுப்பச் செய்தார். மடிப்புக்குள் ஒன்றிரண்டு கசகசா விதைகளை இடுவது, சில மணற்பொடிகளைத் தூவுவது, ஒரு தலைமயிரைக் குறுக்கே வைப்பது என்று பல உபாயங்கள். கடிதம் வந்து சேரும். கசகசா வந்து சேராது. மேலும் ஒரே பெட்டியில், ஒரே வேளையில், சாட்சிகள் முன்னிலையில் இரு கடிதங்களைப் போடச் செய்தார். ஒன்று தம் பெயருக்கு, மற்றொன்று அதே இடத்தில் வேறொருவர் பெயருக்கு. மற்றவருடையது உரிய வேளையில் வந்தது. இவருடையது காலந்தாழ்ந்து வந்தது. ஒரு பேரரசின் மறைவான அலுவலகம் செய்துவந்த நுட்பமான வேலையை, சமையலறையில் எடுத்த கசகசா வெளிப்படுத்திவிட்டது என்பதை எண்ணும்போது எனக்கு நகைப்பு வருகிறது. நகைத்து முடித்த பின் வேறோர் உணர்ச்சியும் வருகிறது.

1844 ஜூன் 14-ஆம் நாள், மாஜினி, செதுக்கு ஓவியர் லிண்டன், தொழிலாளர் தலைவர் லவெட் முதலியோர் ஒப்பமிட்ட ஒரு விண்ணப்பத்தைக் காமன்ஸ் சபையில் தாமஸ் டன்கோம் என்னும் உறுப்பினர் முன்வைத்தார். டன்கோம் உயர்குடியிற் பிறந்தவர், ஆடம்பரமாக உடுத்துபவர், கடனாளி. ஆனால் ஏழைகளின் பக்கம் நின்று பேசத் தயங்காதவர். 1842-இல் சாசனவாதிகள் என்ற தொழிலாளர் இயக்கத்தாரின் மாபெரும் விண்ணப்பத்தைச் சபைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. எங்கள் கடிதங்களைத் தபால் நிலையத்தில் பிரிக்கிறார்கள். இது உண்மையா, யாருடைய ஆணை, எதற்காக என்று விண்ணப்பதாரர்கள் கேட்டனர்.

விடை கூறவேண்டியவர் உள்நாட்டு மந்திரி சர் ஜேம்ஸ் கிரஹாம். அவர் எழுந்து சொன்ன விடை மிகச் சுருக்கமானது. மந்திரி ஒருவர் தம் கையொப்பமிட்ட வாரண்டின் மூலம் கடிதங்களைப் பிரிக்கச் செய்யலாம் என்று சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. விண்ணப்பதாரர்களுள் ஒருவர் திறத்தில் அவ்வதிகாரத்தைத் தாம் செலுத்தியது உண்மையே. அவ்வளவுதான். அவ்வொருவர் யார், காரணம் என்ன, எத்தனை கடிதங்கள், எவரிடம் காட்டப்பட்டன என்னும் வினாக்களுக்கு அவர் விடை கூற மறுத்துவிட்டார். மார்ச்சு முதல் நாள் அந்த வாரண்டு பிறந்தது, ஜூன் 3-ஆம் நாள் முடிந்தது என்பன போன்ற செய்திகளெல்லாம் பின்னரே வெளிவந்தன.

மந்திரி சட்டத்தைக் காட்டியது பொய்யன்று. ஆனி அரசியார் காலத்தில், 1711-இல், நிறைவேறிய தபால் சட்டமே அதற்கு வேர். தபால் ஊழியர் எவரும் கடிதத்தைப் பிரிக்கலாகாது என்று அச்சட்டம் தடுத்தது. மந்திரியின் வாரண்டு இருந்தால் பிரிக்கலாம் என்று விலக்கும் அளித்தது. கிராம்வெல் ஆட்சியில் 1657-இல் தபாலை நிறுவிய சட்டமோ இன்னும் வெளிப்படையானது. நாட்டுக்கு எதிரான சதிகளைக் கண்டறியத் தபால் சிறந்த வழி என்பதை அந்தத் துறையின் பயன்களுள் ஒன்றாகவே அது கூறிற்று. ஆகவே பிரித்ததற்குச் சட்டம் இருந்தது.

ஆனால் ஒட்டியதற்கு? போலி முத்திரை செய்து பழைய முத்திரை போலவே மீண்டும் பதிப்பதற்கும், தபால் முத்திரையின் மேல் வேறு பொழுதைக் குத்திப் பொய் காட்டுவதற்கும் எந்தச் சட்டம் அதிகாரம் தந்தது? மாஜினி கேட்ட வினாக்களில் ஆழமானது இதுவே என்பது என் கருத்து. சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறக்கிறார்கள். நம் கண் முன்னால் திறக்கிறார்கள். போலீசார் வீட்டைச் சோதிக்கிறார்கள். சோதித்தது நமக்குத் தெரியும், தவறாகச் சோதித்தால் வழக்கிடலாம். பிரித்த கடிதத்தைப் பிரித்தபடியே அனுப்பியிருந்தால் மாஜினி அன்றே நீதிமன்றம் சென்றிருப்பார். அல்லது எழுதுவதை நிறுத்தியிருப்பார். ஒட்டி அனுப்பியதால், தமக்கு ஒரு தீங்கு நேர்ந்தது என்பதை அறியும் உரிமையே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. தீங்கை அறியாதவன் யாரிடம் சென்று முறையிடுவான்? குடிமகனுடைய அந்தரங்கமும் அதிகாரியின் பொறுப்பும் ஒரே அரக்கின் கீழ் அழுந்திப் போகும் இடம் அது.

இதனை இலண்டன் மக்கள் சட்டப் புலவர்களைவிட விரைவில் உணர்ந்துகொண்டனர் என்று தோன்றுகிறது. பேராசிரியர்களும் அஞ்சிய எழுத்தாளராகிய கார்லைல், 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மாஜினியின் அரசியல் அவருக்கு உடன்பாடன்று. ஆனால் மாஜினியின் மேன்மைக்குத் தாம் சாட்சி என்றார். பிறர் கடிதத்தைப் பிரிப்பது பிறர் சட்டைப்பையில் கைவிடும் தொழிலுக்கு உடன்பிறப்பு என்னும் கருத்தை அவருக்கே உரிய காரமான நடையில் எழுதினார். 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ் மந்திரியைப் படம் படமாகப் போட்டுத் தாக்கிற்று. 'கிரஹாம் செய்தல்' என்றாலே பிறர் கடிதத்தைப் பிரித்தல் என்று ஒரு புதுவினைச்சொல்லும் ஆங்கிலத்தில் பிறந்தது. நாவலாசிரியர் டிக்கன்ஸ் தம் நண்பருக்கு அனுப்பிய கடித உறையின் மேல், சர் ஜேம்ஸ் கிரஹாம் இதனைத் திறக்க நேர்ந்தால் மீண்டும் ஒட்டும் சிரமத்தை அவர் மேற்கொள்ள வேண்டாம் என்று ஒரு வேண்டுகோள் எழுதிவைத்தாராம். குற்றம் எங்கே இருக்கிறது என்பதை நாவலாசிரியரின் கண் எவ்வளவு சரியாகக் கண்டுவிட்டது!

காமன்ஸ் சபையில் எழுந்தவர்களுள் ஒருவர் மெக்காலே. பத்தாண்டுகளுக்கு முன், 1834-இல், நம் உதகமண்டலத்திற்கு வந்து கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபுவைக் கண்டு சென்ற அதே மெக்காலேதான். என் மேசை அறையில் கிடக்கும் கடிதத்திற்கும், என் கடிதமாகவே தபாலில் வந்துகொண்டிருக்கும் கடிதத்திற்கும் வேறுபாடு என்ன என்று அவர் வினவினார். இந்தியர்களின் திறத்தில் அவர் காட்டிய அளவுகோல்கள் பல எனக்கு உவப்பில்லாதவை. ஆயினும் அன்று அவர் எழுப்பிய வினா நேரியது.

ஜூன் மாத முடிவில் டன்கோம் விசாரணைக் குழு ஒன்று கேட்டபோது அரசாங்கம் மறுத்தது. பொதுமக்களின் சினம் தணியவில்லை. ஜூலை தொடக்கத்தில் அரசாங்கமே குழு அமைக்க முன்வந்தது. ஆனால் அது இரகசியக் குழு. கதவை மூடிக்கொண்டு சாட்சியம் கேட்கும், சாட்சியத்தை வெளியிடாது. குற்றச்சாட்டைக் கொண்டுவந்த டன்கோமுக்கு அதில் உறுப்பினர் இடம் தரப்படவில்லை. பிரபுக்கள் சபையும் தனக்கென ஓர் இரகசியக் குழுவை அமைத்துக்கொண்டது. கடிதத்தைப் பிரித்து ஒட்டியது பற்றி விசாரித்த விசாரணையையும் அரக்கு வைத்து ஒட்டிவிட்டார்கள்.

ஆயினும் அக்குழுக்களின் அறிக்கைகள் அறிவு தரும் ஆவணங்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1799 முதல் 1844 வரை 372 வாரண்டுகள் பிறந்தன என்று எண்ணிக்கை கொடுத்தன. ஆண்டிற்கு எட்டு ஆயிற்று. ஆகவே அதிகம் இல்லை என்று அரசாங்கத்தின் நண்பர்கள் ஆறுதல் கூறினர். ஒரு வாரண்டில் பலர் பெயர் இருக்கலாம், ஒருவர் பெயரின் கீழ் பல கடிதங்கள் வரலாம் என்பதை ஆறுதல் கூறியோர் எண்ணினார்களோ, என்னவோ! இதனினும் வியப்பான செய்தி, அயல்நாட்டுத் தூதர்களின் கடிதங்களைப் பிரிப்பதற்கென்றே தபால் நிலையத்துக்குள் ஓர் இரகசிய அறை நெடுங்காலமாக இயங்கிவந்தது என்பது. அதனோடு இணைந்து, சங்கேத எழுத்துகளைப் பிரித்துப் படிக்கும் கூடம் ஒன்றும் இருந்தது.

அந்தக் கூடத்தின் வரலாற்றில் சற்றுத் தங்கிச் செல்ல விரும்புகிறேன். வில்லிஸ் என்னும் ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்துவந்தனர். அக்குடும்பத்தின் முதல்வர் எட்வர்டு வில்லிஸ் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். 1723-இல் ராச்சஸ்டர் நகரத்துப் பிஷப் அட்டர்பரி மீது இராசத்துரோகம் சாட்டிப் பிரபுக்கள் சபையில் விசாரணை நடந்தது. முக்கியமான சாட்சியம், தபாலில் பிடித்த சங்கேதக் கடிதங்கள். அவற்றைப் பிரித்துப் படித்த வில்லிஸ் சாட்சி சொன்னார். எந்த முறையால் படித்தீர், இந்த எண் இந்தச் சொல்லைக் குறிக்கும் என்பது எப்படித் தெரியும் என்று அட்டர்பரி குறுக்கு வினா எழுப்பினார். அத்தகைய வினாக்கள் பொதுநலனுக்கு ஒவ்வாதவை என்று சபை தீர்மானித்து அவரைத் தடுத்துவிட்டது. அட்டர்பரி நாடு கடத்தப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. பிற்கால ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. ஆயினும் தன்னை வீழ்த்தும் சாட்சியத்தை ஒருவன் உரசிப் பார்க்க முடியாதென்றால் அதற்கு விசாரணை என்ற பெயர் எதற்கு? வில்லிஸ் பாதிரியார் பின்னர்ப் பிஷப் ஆனார். 1773-இல் இறக்கும் வரை, திருச்சபைப் பணியோடு சங்கேதம் பிரிக்கும் பணியையும் அவர் குடும்பம் விடவில்லை.

இலண்டனில் குழுக்கள் கூடிக்கொண்டிருந்த அதே வேளையில் தெற்கு இத்தாலியில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. அட்டிலியோ, எமிலியோ என்னும் பந்தியேரா சகோதரர் இருவர், ஆஸ்திரியக் கடற்படைத் தளபதி ஒருவரின் புதல்வர்கள். தாமும் அக்கடற்படையில் அதிகாரிகள். இத்தாலியின் விடுதலைக்காகப் படையை விட்டோடிக் கார்பூ தீவில் ஒதுங்கியிருந்தனர். மாஜினியோடு அவர்களுக்குக் கடிதப் போக்குவரத்து உண்டு. 1844 ஜூன் மாதத்தில் சுமார் இருபது பேரோடு கலாபிரியாக் கரையில் இறங்கினர். மக்கள் கிளர்ந்தெழுந்து சேருவர் என்று எதிர்பார்த்தனர், எவரும் சேரவில்லை. உடன் வந்தவரில் ஒருவனே காட்டிக் கொடுத்தான். ஜூலை 25-ஆம் நாள் கொசென்சா நகருக்கு அருகில் சகோதரர் இருவரையும் அவர்தம் தோழர் எழுவரையும் நேப்பிள்ஸ் அரசு சுட்டுக் கொன்றது.

அபர்டீன் பிரபு அப்போது இங்கிலாந்தின் வெளிநாட்டு மந்திரி. கடிதங்களின் ஒரு சொல்லும் எந்த அயல் அரசுக்கும் தரப்படவில்லை என்று அவர் பிரபுக்கள் சபையில் உறுதி கூறியிருந்தார். குழுவின் அறிக்கை வெளிவந்தபோது, கடிதங்களிலிருந்து அறிந்த செய்தி ஓர் அயல் அரசுக்குத் தெரிவிக்கப்பட்டது என்பது புலனாயிற்று. சொல்லைத் தரவில்லை, பொருளைத் தந்தார்கள். தனிமனிதர் எவருக்கும் ஆபத்து நேராதபடி எச்சரிக்கையாகத் தெரிவித்தோம் என்பது அரசாங்கத் தரப்பு. பந்தியேரா சகோதரரின் உயிரைக் கொண்டுபோனது இந்தச் செய்திதான் என்று மாஜினி இறுதி வரை நம்பினார். வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் அவ்வளவு தூரம் செல்ல மாட்டேன். காட்டிக் கொடுத்தவன் உள்ளேயே இருந்தான். நேப்பிள்ஸ் அரசுக்கு வேறு ஒற்றர்களும் இருந்தனர். ஆனால் ஒன்றைக் கூறலாம். மந்திரிகள் உண்மையை முதலிலேயே உரைத்திருந்தால், அந்த ஐயம் அவர்கள் தலைமேல் இத்தனை காலம் தங்கியிருக்காது.

கிரஹாம் கொடியவர் அல்லர். கடமையில் அயராதவர், திறமை மிக்க நிர்வாகி. 1845-இல் மாஜினி ஒரு கொலையைத் தூண்டியவர் என்ற பழைய பழியைச் சபையில் எடுத்துரைத்தார். அது ஆதாரமற்றது என்று தெரிந்ததும் அச்சபையிலேயே எழுந்து வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். எத்தனை மந்திரிகள் அதனைச் செய்வார்கள்? அவர் மேல் விழுந்த கல்லெல்லாம் அவருக்கு முந்திய மந்திரிகளுக்கும் உரியவை. இரு கட்சியாரும் மாறி மாறி வாரண்டில் ஒப்பமிட்டவர்களே. இவருடைய காலத்தில் ஒருவன் கசகசா இட்டுப் பார்த்தான், அவ்வளவே.

அரசாங்கத்திற்கு இரகசியமே ஆகாது என்பாரோடு நான் சேர மாட்டேன். திருவள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அதில் ஒற்றன் ஆராய வேண்டியவர்களை அவர் வரிசைப்படுத்தும் முறையைக் கவனியுங்கள். அரசனுடைய வினைசெய்வாரை முதலில் வைக்கிறார்; பிறகு அவன் சுற்றத்தார்; பகைவர் மூன்றாவதாகவே வருகின்றனர். இலண்டன் தபால் நிலையத்தின் இரகசிய அறையில் அவ்வரிசை தலைகீழாகக் கிடந்தது. வினைசெய்வாரை ஆராய்வார் ஒருவரும் இலர்.

விளைவு என்ன என்று கேட்பீர்கள். 1844 முடிவதற்குள் இரகசிய அறை மூடப்பட்டது. சங்கேதம் பிரிக்கும் கூடமும் கலைக்கப்பட்டு, வில்லிஸ் குடும்பத்தாருக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டது. 1914-இல் முதல் உலகப்போர் வரும் வரை அப்படியொரு கூடம் இங்கிலாந்தில் மீண்டும் ஏற்படவில்லை. ஒரு கூலிப்பள்ளி ஆசிரியர் நிகராகச் சொல்லத்தக்க ஓர் அகதி இதனைச் சாதித்தது பெரிதுதான். ஆனால் சட்டம் ஓர் எழுத்தும் மாறவில்லை. மந்திரியின் வாரண்டு அப்படியே இருந்தது. என் கடிதங்களையும் பிரித்தீர்களா என்று 1845-இல் டன்கோம் நேருக்கு நேர் கேட்டபோது, விடை கிடைக்கவில்லை. ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் நிலையான மரபாயிற்று.

அம்மரபு தபாலிலிருந்து தொலைபேசிக்குத் தாவியது. ஒரு வழக்கறிஞரின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டு, அதன் எழுத்துப் படியை அவருடைய தொழிற்சங்கத்திற்கே மந்திரி கொடுத்தார் என்ற செய்தி வெடித்தபோது, 1957-இல் பிர்க்கெட் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவும் அதிகாரத்தின் மூலத்தைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டி, மீண்டும் மாஜினியின் விவகாரத்திடமே வந்து நின்றது. 1979-இல் ஒரு பழம்பொருள் வணிகர் தம் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டதை எதிர்த்து வழக்கிட்டார். அதனைத் தடுக்கும் சட்டம் இல்லை, ஆகவே அது குற்றமன்று என்றது இங்கிலாந்தின் நீதிமன்றம். அவர் விடவில்லை. ஸ்டிராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 1984-இல் வென்றார். அதன் பிறகே, 1985-இல், பார்லிமெண்டு இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. விண்ணப்பம் வைத்த நாளிலிருந்து எண்ணினால் நூற்று நாற்பத்தோர் ஆண்டுகள்!

இந்த அரக்கு முத்திரை கப்பலேறி நம் நாட்டிற்கும் வந்ததுண்டு. 1885-இன் தந்திச் சட்டமும் 1898-இன் தபால் சட்டமும் அரசாங்கத்திற்கு அதே அதிகாரத்தைத் தந்தன. 1898-இன் சட்டத்தில் 26-ஆம் பிரிவு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பொதுநெருக்கடி இருந்தால் கடிதத்தைத் தடுத்து வைக்கலாம் என்றது. நெருக்கடி இருந்ததா என்று எவரேனும் ஐயுற்றால், இருந்தது என்று அரசாங்கம் எழுதித் தரும் சான்றே முடிவான சான்று என்றும் கூறிற்று. சர் ஜேம்ஸ் கிரஹாமுக்கு இத்தகைய பிரிவு ஒன்று கிடைத்திருந்தால் பார்லிமெண்டில் அவ்வளவு வியர்த்திருக்க மாட்டார். அப்பிரிவு விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்தது. 1986-இல் தபால் சட்டத்தைத் திருத்தி இவ்வதிகாரத்தை விரிவாக்கும் மசோதா ஒன்று இரு சபைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையொப்பமிடவில்லை. அது சட்டமாகவும் இல்லை.

1996-இல் நம் உச்சநீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்பதற்குச் சில வரம்புகளை வகுத்தது. உள்துறைச் செயலாளரே ஆணையிட வேண்டும். ஆணைக்குக் காலவரம்பு வேண்டும். உயர் அதிகாரிகளைக் கொண்ட ஒரு குழு அதனைச் சரிபார்க்க வேண்டும். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். மறுபக்கத்தில், அரசாங்கத்தின் ஏடுகளைக் குடிமக்கள் கேட்டுப் பெறும் உரிமைக்கு இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகத் தமிழ்நாடு 1997-இல் சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. இவையெல்லாம் மெய்யான பேறுகள். 1898-இன் சட்டத்தை நீக்கி வந்த 2023-ஆம் ஆண்டின் தபால் சட்டமோ, கடிதத்தைத் தடுத்துப் பிரிக்கும் அதிகாரத்தை நீக்கவில்லை. சரிபார்க்கும் குழுவில் அமர்வோர் அரசாங்கத்தின் செயலாளர்களே. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு, காரியம் முடிந்து எத்தனை ஆண்டு கழிந்த பின்னும், உன் பேச்சைக் கேட்டோம் என்று எவரும் தெரிவிப்பதில்லை. கடிதத்திற்காவது அரக்கு இருந்தது. கையடக்கத் தொலைபேசியின் மடிப்புக்குள் எந்தக் கசகசாவை வைப்பது?

இக்கதையின் மாந்தர் இருவருக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கிரஹாம் 1861-இல் இறந்தார். நிர்வாகத் துறையில் தாம் செய்த நற்பணிகள் யாவும் மறந்து போகும், கடிதம் பிரித்தது ஒன்றே தம் பெயரோடு நிற்கும் என்று அவர் வருந்துவது உண்டாம். மாஜினி 1872 மார்ச்சு 10-ஆம் நாள் பைசா நகரில் காலமானார். அப்போது இத்தாலி ஒன்றுபட்ட நாடாகிவிட்டது. ரோமாபுரி அதன் தலைநகராயிருந்தது. ஆயினும் அது முடியரசு. அவரோ குடியரசை விடாதவர். ஆகவே தாம் ஒன்றுசேர்க்கப் பாடுபட்ட அந்த நாட்டிலேயே, நண்பர் ஒருவர் வீட்டில், பிரௌன் என்னும் ஆங்கிலப் பெயரில் அவர் மறைந்து வாழ்ந்துகொண்டிருந்தார்.